டெபியன் நிறுவும்போது எந்த மிரரைத் தேர்ந்தெடுப்பது?

மன்னார்குடியில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் மடிக்கணினிகளில் பாதிக்கு மேல், 2011-ல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்தவை. அக்கா படித்து, அப்புறம் தம்பி படித்து, கடைசியில் பரணுக்குப் போனதை எடுத்துக்கொண்டு வருவார்கள். "அண்ணே, இதை ஓட வைக்க முடியுமா?" என்பார்கள். முடியும். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி போட்டு, டெபியன் என்ற இலவச லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றி, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் வைத்துக் கொடுத்தால் பிள்ளைகள் இன்னும் நாலைந்து வருடம் ஓட்டலாம்.

வீட்டிலேயே நிறுவிப் பார்க்கிறவர்கள் டிஸ்கைப் பகுதிகளாகப் பிரிக்கும் இடத்தில் பயந்து, நிதானமாகப் படித்துச் செய்கிறார்கள். அதைத் தாண்டியதும் மிரர் பற்றி ஒரு கேள்வி வரும். அங்கே எல்லாரும் எண்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். அரை மணி நேர வேலை அரை நாளாக இழுப்பது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அதனால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

டெபியனின் பேக்கேஜ்கள் (நிறுவுவதற்குத் தயாராகக் கட்டிவைத்த மென்பொருள்கள்) எல்லாம் ஒரு பெரிய காப்பகத்தில் இருக்கின்றன. உலகம் முழுக்க எல்லாரும் அந்த ஒரே இடத்துக்குப் போனால் தாங்காது. அதனால் கல்லூரிகள், இணைய நிறுவனங்கள், சில தனிநபர்கள் அந்தக் காப்பகத்தை அப்படியே நகலெடுத்துத் தங்கள் சர்வரில் வைத்து இலவசமாகக் கொடுக்கிறார்கள். அந்த நகல்தான் மிரர். மூலக் காப்பகம் ஒரு நாளைக்கு நான்கு முறை புதுப்பிக்கப்படுகிறது. நல்ல மிரர் ஒவ்வொரு முறையும் கூடவே புதுப்பித்துக்கொள்ளும். அதை நடத்துகிறவருக்கு நேரமில்லை, டிஸ்க் நிரம்பிவிட்டது, வேலையை விட்டுப் போய்விட்டார் என்றால் நகல் அங்கேயே நின்றுவிடும். ஆனால் சர்வர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல மிரருக்கும் நின்றுபோன மிரருக்கும் வித்தியாசம் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது 2023 அக்டோபரில். ஒரு டியூஷன் சென்டருக்குப் பதினான்கு மடிக்கணினிகள் தயார் செய்ய வேண்டும். ஆயுத பூஜைக்குள் தருவதாகச் சொல்லியிருந்தேன். டெபியன் 12.2 அந்த மாதம் 7-ஆம் தேதிதான் வந்திருந்தது. புத்தம் புதிய நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓவை (அடிப்படையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை இணையத்திலிருந்து எடுக்கும் நிறுவல் கோப்பு) இறக்கி, பென் டிரைவில் எழுதி, வேலையைத் தொடங்கினேன். மிரர் கேள்வியில் இந்தியா என்று கொடுத்து, பட்டியலில் நம் நாட்டுப் பெயராகத் தெரிந்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். பக்கத்தில் இருப்பதுதானே வேகமாக இருக்கும் என்று நினைத்தேன்.

மூன்று கணினிகள் ஒரே இடத்தில் நின்றன. மென்பொருளைத் தேர்ந்தெடுத்து நிறுவும் கட்டத்தில் சிவப்புத் திரை. கண்ட்ரோலையும் ஆல்ட்டையும் பிடித்துக்கொண்டு எஃப்4 அழுத்தினால் நிறுவியின் பதிவுக் குறிப்புகள் தெரியும். அதில், ஒரு பேக்கேஜ் இன்னொன்றின் குறிப்பிட்ட பதிப்பைத்தான் கேட்கிறது, அது கிடைக்கவில்லை என்று வரிசையாகச் செய்திகள். அடிப்படை அமைப்பு என் பென் டிரைவிலிருந்து வந்தது, அது 12.2. அந்த மிரரோ 12.1-லேயே, அதாவது ஜூலையிலேயே, நின்றுபோயிருந்தது. ஒன்றோடொன்று ஒட்டவில்லை. வேகத்தில் அந்த மிரருக்கு ஒரு குறையும் கிடையாது. பழைய பேக்கேஜ்களை மின்னல் வேகத்தில் கொடுத்துக்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து என் வரிசை இதுதான்: முதலில் மிரர் புதிதாக இருக்கிறதா, அடுத்து முழுதாக இருக்கிறதா, அப்புறம் என் இணைப்பிலிருந்து வேகமாக வருகிறதா. எந்த ஊரில் இருக்கிறது என்பதை நான் பார்ப்பதே இல்லை.

நிறுவியில் அந்தக் கேள்வி

நெட்இன்ஸ்ட் ஐஎஸ்ஓ என்றால், டிஸ்கைப் பிரித்து அடிப்படை அமைப்பை ஏற்றிய பிறகுதான் மிரர் கேள்வி வரும். முதலில் நாட்டைக் கேட்கும், அடுத்து அந்த நாட்டின் மிரர் பட்டியல், அதற்கடுத்து ப்ராக்ஸி (நடுவில் நின்று கோப்புகளை வாங்கித் தரும் சர்வர்). எந்த நாட்டைத் தேர்ந்தெடுத்தாலும் டெப் டாட் டெபியன் டாட் ஆர்க் என்ற முகவரி பட்டியலில் இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு நான் சொல்வது அதைத்தான். அது ஒரு தனிச் சர்வரின் பெயர் கிடையாது. அதன் பின்னால் ஃபாஸ்ட்லி போன்ற சிடிஎன் (கோப்புகளைப் பல இடங்களில் வைத்துப் பக்கத்திலிருந்து கொடுக்கும்) நிறுவனங்களின் சர்வர்கள் பல நாடுகளில் இருக்கின்றன. நீங்கள் கேட்கும்போது உங்கள் இணைப்புக்கு வசதியான ஒன்று பதில் சொல்லும். ஒரு இடம் படுத்தாலும் இன்னொன்று எடுத்துக்கொள்ளும். முக்கியமாக, அது மாதக்கணக்கில் பழசாகிக் கிடக்காது.

வீட்டில் ஒரே ஒரு கணினியில் ஏற்றப் போகிறீர்கள், இணைப்பும் சுமாராக நன்றாக இருக்கிறது என்றால், இதைத் தேர்ந்தெடுத்து மேலே போங்கள். கீழே எழுதியிருப்பதை இது சரிப்படாதபோது படித்தால் போதும்.

தவறான மிரரைத் தேர்ந்தெடுத்து நடுவில் நின்றுவிட்டால், முதலிலிருந்து தொடங்க வேண்டாம். அன்றைக்கு நான் முதல் கணினியில் அப்படித்தான் செய்து ஒரு மணி நேரத்தை வீணாக்கினேன். பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் நிறுவியின் முதன்மைப் பட்டியல் வரும். அதில் பேக்கேஜ் மேலாளரை அமைக்கும் படியை மறுபடி தேர்ந்தெடுத்தால் மிரர் கேள்வி மீண்டும் வரும். டிஸ்க் பிரிப்பு, பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அப்படியே இருக்கும்.

நாளுக்கு 1.5 ஜிபி கொடுக்கும் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் நிறுவுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. டெஸ்க்டாப் முழுவதையும் மிரரிலிருந்து இறக்கினால் அன்றைய டேட்டாவில் பெரும்பகுதி போய்விடும். நெட் நன்றாக இருக்கும் இடத்தில் முழு டிவிடி ஐஎஸ்ஓவையோ லைவ் ஐஎஸ்ஓவையோ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். டிவிடியில் நிறுவும்போது இணைய மிரரைப் பயன்படுத்தவா என்று கேட்கும், வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் செய்தால் பேக்கேஜ் மூலங்களின் கோப்பில் டிவிடியின் பெயர் மட்டும்தான் இருக்கும். பின்னால் எதை நிறுவப் போனாலும் வட்டைப் போடு என்று கேட்டு நிற்கும். ஈடிசி அடைவில் ஆப்ட் என்ற அடைவுக்குள் இருக்கும் சோர்ஸஸ் டாட் லிஸ்ட் கோப்பைத் திறந்து, சிடிராம் என்று தொடங்கும் வரியின் முன்னால் ஒரு ஹேஷ் குறி போட்டுவிட்டு, மிரர் வரிகளைச் சேர்க்க வேண்டும்.

புதிதா, முழுதா என்று பார்ப்பது

இதற்குத் தனியாக எந்தக் கருவியும் வேண்டாம், பிரௌசர் போதும். மிரரின் முகவரியைத் திறந்து, டெபியன் அடைவுக்குள் ப்ராஜெக்ட் என்ற அடைவுக்கும், அதற்குள் ட்ரேஸ் என்ற அடைவுக்கும் போங்கள். அங்கே சின்னச் சின்ன எழுத்துக் கோப்புகள் இருக்கும். அந்த மிரரின் பெயரிலேயே ஒரு கோப்பு இருக்கும், மாஸ்டர் என்று இன்னொன்று இருக்கும். மிரரின் பெயரில் உள்ள கோப்பின் முதல் வரி, அது கடைசியாக எப்போது நகலெடுத்து முடித்தது என்பதைச் சொல்லும். நேரம் யுடிசியில் (உலகப் பொது நேரம்) இருக்கும், ஐந்தரை மணி கூட்டிக்கொள்ளுங்கள். நேற்றோ இன்றோ என்றால் நல்லது. ஒரு வாரம் பழையது என்றால் நான் வேறு மிரர் பார்ப்பேன். மாதக்கணக்கு என்றால் சொல்லவே வேண்டாம்.

அதே கோப்பில், எந்தெந்த வன்பொருள் வகைகளுக்கான பேக்கேஜ்களை அந்த மிரர் வைத்திருக்கிறது என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். இடம் போதாத மிரர்கள் எல்லா வகையையும் வைத்திருப்பதில்லை. சாதாரண 64-பிட் கணினி என்றால் கவலையில்லை, அதற்கான ஏஎம்டி64 வகை எங்கும் இருக்கும். ஆர்ம் வகைச் செயலி உள்ள சின்னப் பலகைகளில் நிறுவுகிறவர்கள் இந்த வரியைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

இதில் பலரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சிலர் ட்ரேஸ் கோப்பைப் பார்க்காமல், டிஸ்ட்ஸ் அடைவில் தங்கள் பதிப்பின் ரிலீஸ் கோப்பைத் திறந்து அதில் உள்ள தேதியைப் பார்க்கிறார்கள். அது ஒரு மாதம் பழையதாக இருந்தால் மிரர் நின்றுபோய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள். அது சரியில்லை. நிலையான பதிப்பின் முதன்மைக் காப்பகம், 12.1, 12.2 என்று இரண்டு மாதங்களுக்கு ஒரு முறை போல வரும் திருத்தப் பதிப்புகளின்போதுதான் மாறும். நடுவில் அந்தத் தேதி அசையாது. மிரரின் நாடித்துடிப்பு ட்ரேஸ் கோப்பில்தான் தெரியும்.

வேகம்

தூரத்தை வைத்து வேகத்தைக் கணிக்க முடியாது என்பதற்கு நம் ஊரே சாட்சி. சென்னையிலிருந்து டெல்லி ரயில் பாதையில் சுமார் 2,200 கிலோமீட்டர். சிங்கப்பூர் கடல் வழியாக 3,200 கிலோமீட்டர் போல. ஆனால் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002-ல் ஐ2ஐ, 2004-ல் டாடா இண்டிகாம் என்று நேரடியாகவே கடலடி கேபிள்கள் போட்டிருக்கிறார்கள். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய் வரக் கணக்குப்படி 32 மில்லிநொடி போதும். உங்கள் இணைய நிறுவனம் அந்த வழியாக அனுப்பினால் சிங்கப்பூர் மிரர் பக்கத்து வீடு மாதிரி. அதே நிறுவனம் உள்நாட்டு மிரருக்கான போக்குவரத்தை ஊர் சுற்றி அனுப்பினால், இந்தியாவுக்குள் இருப்பது மெதுவாக வரும். என் கடையில் எங்கள் ஊர் கேபிள்காரர் கொடுக்கும் ஃபைபரில், சாயங்காலத்தில் சிங்கப்பூர்தான் வேகம். தெரு முனையில் வேறு இணைப்பு வைத்திருக்கும் நண்பருக்கு மும்பை வேகம்.

அதனால் அளந்து பாருங்கள். நெட்செலக்ட்-ஆப்ட் என்றொரு கருவி உண்டு, அது பட்டியலை வைத்துக்கொண்டு எந்த மிரர் சீக்கிரம் பதில் சொல்கிறது என்று பார்க்கும். நான் அதை முழுதாக நம்புவதில்லை. சீக்கிரம் பதில் சொல்வது வேறு, நூறு எம்பியைச் சீராகக் கொடுப்பது வேறு. மிரரின் டெபியன் அடைவின் மேல்மட்டத்தில், மொத்தக் கோப்புப் பட்டியலையும் சுருக்கி வைத்த எல்எஸ்-எல்ஆர் என்ற பெயருள்ள கோப்பு ஒன்று இருக்கும். டபிள்யூகெட் கட்டளையால் அதை இறக்கினால் கடைசியில் சராசரி வேகத்தைக் காட்டும். இரண்டு மூன்று மிரர்களில் இதைச் செய்தால் போதும். நீங்கள் வழக்கமாகக் கணினியைப் பயன்படுத்தும் நேரத்தில் செய்யுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு எல்லா மிரரும் வேகமாகத்தான் இருக்கும். ராத்திரி எட்டரைக்கு, தெரு முழுக்கப் படம் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன வருகிறதோ அதுதான் உண்மையான வேகம்.

முகம் தெரியாத மிரரை நம்பலாமா?

நம்ப வேண்டியது மிரரை இல்லை, கையொப்பத்தை. ஐஎஸ்ஓவிலேயே டெபியன் காப்பகத்தின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச் சாவிகள் இருக்கின்றன. மிரரிலிருந்து முதலில் வரும் இன்ரிலீஸ் கோப்பு அந்தச் சாவிக்கு உரிய கையொப்பத்தோடு வரும். அதற்குள் பேக்கேஜ் பட்டியல்களின் ஷா256 எண்கள் (உள்ளடக்கத்தைக் கணக்கிட்டு எடுக்கும், கைரேகை மாதிரியான எண்கள்) இருக்கும். பட்டியலுக்குள் ஒவ்வொரு பேக்கேஜின் எண்ணும் இருக்கும். நடுவில் யாராவது ஒரு பைட்டை மாற்றினாலும் சங்கிலி அறுந்துவிடும், டெபியனின் பேக்கேஜ் மேலாளரான ஆப்ட் ஏற்றுக்கொள்ளாது. டெபியன் இத்தனை வருடம் மறையாக்கம் இல்லாத வெறும் எச்டிடிபியிலேயே ஓடியது இதனால்தான்.

அந்தச் சங்கிலியிலும் ஒரு முறை ஓட்டை விழுந்தது. 2019 ஜனவரியில், வேறு முகவரிக்குத் திருப்பிவிடும் பதில்களை ஆப்ட் கையாண்ட விதத்தில் ஒரு பிழை கண்டுபிடித்தார்கள். நடுவில் இருக்கும் ஒருவர் தன் பேக்கேஜைப் புகுத்தலாம் என்ற அளவுக்கு அது மோசமானது. உடனே சரிசெய்து, அதற்காகவே 9.7 என்ற திருத்தப் பதிப்பையும் வெளியிட்டார்கள். அதனால் தனிக் கணினிக்கு எச்டிடிபிஎஸ் கொடுக்கும் மிரர் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். கூடுதல் பூட்டு நல்லதுதானே.

இரண்டு விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். ஒன்று, பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் செக்யூரிட்டி டாட் டெபியன் டாட் ஆர்க் வரியை எந்தக் காரணத்துக்காகவும் மாற்ற மாட்டேன். மற்ற வரிகளை எந்த மிரருக்கும் மாற்றலாம், இது மூலத்திலிருந்தே வரட்டும். பழசாகிப்போன மிரர் கொடுப்பதும் சரியான கையொப்பம் உள்ள பழைய கோப்புகள்தான், ஆப்ட்டுக்குச் சந்தேகம் வராது. நிலையான பதிப்பின் முதன்மைக் காப்பகத்துக்குக் காலாவதித் தேதியும் கிடையாது. பாதுகாப்பு வரி தனியாக, புதிதாக இருந்தால் அந்தக் குறை பெரிதாகப் பாதிக்காது.

இன்னொன்று, ஐஎஸ்ஓ. சாவிகள் அதற்குள்தான் இருக்கின்றன, அதுவே போலி என்றால் மேலே சொன்ன எதுவும் காப்பாற்றாது. 2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட்டின் இணையதளத்துக்குள் புகுந்தவர்கள், 17.3 சின்னமன் பதிப்பின் இணைப்பைத் திருப்பி, பின்கதவு வைத்த ஐஎஸ்ஓவை இறக்க வைத்தார்கள். ஐஎஸ்ஓவை எந்த மிரரில் இறக்கினாலும், அதன் ஷா எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள். ஒப்பிடும் எண் கோப்பையும் அதன் கையொப்பத்தையும் டெபியனின் சொந்தத் தளத்திலிருந்து எடுங்கள். ஐஎஸ்ஓ இருந்த அதே மிரரிலிருந்து எண்ணையும் எடுத்து ஒப்பிட்டால் பயனில்லை.

மற்ற லினக்ஸ் வகைகள்: உபுண்டு, மின்ட், ஃபெடோரா, ஆர்ச்

உபுண்டு உங்கள் நாட்டின் குறியீட்டை வைத்துத் தானாகவே ஒரு மிரரைப் போட்டுக்கொள்ளும். மெதுவாக இருந்தால் மென்பொருள் மற்றும் புதுப்பிப்புகள் அமைப்பில், எங்கிருந்து இறக்குவது என்ற இடத்தில் மற்றவை என்பதைத் தேர்ந்தெடுங்கள். சிறந்த சர்வரைச் சோதித்துக் கண்டுபிடிக்கும் பொத்தான் அங்கே இருக்கிறது. மின்ட்டில் மென்பொருள் மூலங்கள் பகுதியில் மிரர்களை வேகத்தோடு பட்டியலிடும். அங்கே மின்ட்டுக்கு ஒன்று, அடித்தளமான உபுண்டுவுக்கு ஒன்று என்று இரண்டு இருக்கும், இரண்டையும் மாற்ற வேண்டும். ஃபெடோரா தானே மிரரைத் தேர்ந்தெடுக்கும், அதை அதன்போக்கில் விட்டுவிடுங்கள். ஆர்ச்சின் லைவ் ஐஎஸ்ஓ இணைப்புக் கிடைத்ததும் ரிஃப்ளெக்டர் என்ற கருவியை ஓட்டி, சமீபத்தில் புதுப்பித்த மிரர்களைப் பட்டியலில் வைக்கும். நிறுவத் தொடங்குமுன் அந்தப் பட்டியலை ஒரு முறை திறந்து பாருங்கள், ஏனென்றால் அதுவே புதிய அமைப்புக்கும் நகலாகப் போகும்.

பத்துப் பதினைந்து கணினிகள் என்றால்

டியூஷன் சென்டர் வேலையில் நின்றுபோன மூன்றையும் சேர்த்துப் பதினான்கையும் முடித்தது இந்த வழியில்தான். பள்ளி ஆய்வகம், நூலகம் என்று மொத்தமாக நிறுவுகிறவர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள். ஒரே பேக்கேஜைப் பதினான்கு முறை இணையத்திலிருந்து இழுப்பது உங்கள் டேட்டாவுக்கும் கேடு, இலவசமாகக் கொடுக்கும் மிரர்காரருக்கும் பாரம்.

ஏற்கெனவே டெபியன் ஓடும் ஒரு கணினியில், ஒரு முறை இறக்கியதைச் சேமித்து வைத்து மற்ற கணினிகளுக்குக் கொடுக்கும் ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்ற பேக்கேஜை நிறுவுங்கள். நிறுவியதுமே 3142 என்ற போர்ட்டில் அது வேலை செய்யத் தொடங்கும். அந்தக் கணினியின் ஐபி முகவரி 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம். மற்ற கணினிகளில் நிறுவும்போது மிரருக்கு டெப் டாட் டெபியன் டாட் ஆர்க்கை எச்டிடிபி வழியாகவே தேர்ந்தெடுங்கள். எச்டிடிபிஎஸ் என்றால் நடுவில் இருக்கும் கேச் உள்ளே என்ன போகிறது என்று பார்க்க முடியாது, சேமித்து வைக்கவும் முடியாது. கையொப்பச் சங்கிலி இருப்பதால் உங்கள் சொந்த அறைக்குள் இது பரவாயில்லை. அடுத்து வரும் ப்ராக்ஸி கேள்வியை எல்லாரும் காலியாக விடுவார்கள். அங்கே எச்டிடிபி://192.168.1.10:3142 என்று ஆங்கில எழுத்தில் கொடுங்கள். முதல் கணினி மட்டும் இணைய வேகத்தில் இறக்கும். இரண்டாவதிலிருந்து எல்லாம் உங்கள் அறைக்குள்ளேயே வரும். அன்றைக்கு முதல் கணினிக்கு முக்கால் மணி நேரம் ஆனது, மற்றவை ஒவ்வொன்றும் பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்தன.

ஆனால் முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. நிறுவியில் கொடுத்த ப்ராக்ஸி முகவரி, ஈடிசி அடைவின் ஆப்ட் அடைவுக்குள் ஆப்ட் டாட் கான்ஃப் என்ற கோப்பில் எழுதப்பட்டு அப்படியே தங்கிவிடும். எனக்கு அது தெரியாது. பதினான்கையும் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து டியூஷன் டீச்சர் போன் செய்தார். "தம்பி, எதிலயுமே அப்டேட் ஆக மாட்டேங்குது. நெட் நல்லா இருக்கு, யூடியூப் எல்லாம் ஓடுது" என்றார். பதினான்கு கணினிகளும் என் கடையில் இருக்கும் 192.168.1.10-ஐத் தேடிக்கொண்டிருந்தன. பைக்கை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றிலும் அந்தக் கோப்பில் ப்ராக்ஸி என்று இருக்கும் வரியை நீக்கி, ஆப்ட் அப்டேட் கொடுத்து, பிழையில்லாமல் முடிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். இப்போது கணினியைப் பையில் போடுவதற்கு முன், என் மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஒரு முறை ஆப்ட் அப்டேட் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.